பிள்ளையை அணைக்கவும் நாயைத் தடவவும் பழகுவது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வரும் தாய்க்குப் பால் புகட்டும் முறையையும் தடுப்பூசித் தேதிகளையும் சொல்லிக்கொடுக்கச் செவிலியர் முதல் மாமியார் வரை பலர் இருக்கிறார்கள். குழந்தையை எப்படி, எவ்வளவு நேரம் அணைத்திருப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அது தானாக வந்துவிடும் என்று எல்லாரும் நம்பிவிடுகிறோம். கூட்டுக்குடும்பத்தில் சித்தப்பா பிள்ளைகளையும் அக்கா பிள்ளைகளையும் இடுப்பில் சுமந்து வளர்ந்தவர்களுக்கு அது வந்தும் விடுகிறது. ஆனால் தன் முதல் குழந்தையைக் கையில் வாங்கும் நாள் வரை வேறெந்தப் பச்சைக்குழந்தையையும் தூக்கியறியாதவர்கள் இன்று அதிகம். நாயே வளர்த்திராத வீட்டில், பிள்ளையின் பிடிவாதத்துக்கு இணங்கித் தெருவிலிருந்து ஒரு குட்டியைக் கொண்டுவந்து விட்டு, அடுத்து என்ன செய்வதென்று விழிப்பவர்களும் அப்படியே. இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. இதில் வரும் படிகள் பலவாக இருந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நடைமுறைதான்: தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், தொட்ட பிறகு பதிலைப் பார்க்க வேண்டும். வாய் பேசாத குழந்தையிடமும் நாயிடமும் கேட்பதற்கும் பதில் பெறுவதற்கும் வழி இருக்கிறது.

கைப்பழக்கம் என்ற பயம்

"தூக்கித் தூக்கிக் கைப்பழக்கம் ஆக்கிவிடாதே, அப்புறம் கீழே படுக்காது" என்ற எச்சரிக்கையைக் கேட்காத இளம் தாய் நம் ஊரில் இருக்க முடியாது. மேல்நாட்டில் இந்தப் பயத்துக்கு விஞ்ஞானத்தின் முத்திரையே கிடைத்திருந்தது. பிள்ளைகளைக் கட்டியணைப்பதும் மடியில் உட்கார வைப்பதும் வேண்டாம், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று 1928இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் பெற்றோருக்கு அறிவுரை எழுதினார். முப்பது ஆண்டுகள் கழித்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, கம்பியால் செய்த ஒரு பொம்மைத் தாயையும், மெத்தென்ற துணி சுற்றிய இன்னொரு பொம்மைத் தாயையும் கூண்டுக்குள் வைத்தார். பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும், குட்டிகள் பசிக்கு மட்டும் அங்கே போய்விட்டு, நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயைக் கட்டிக்கொண்டே கழித்தன. 1958இல் வெளியான அந்த முடிவு, பால் கொடுப்பதால்தான் தாய் மீது பாசம் வருகிறது என்ற கருத்தை அசைத்துவிட்டது. இன்று நினைத்தால் அந்தச் சோதனையே கொடுமையாகத் தெரிகிறது. ஆனாலும், பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையைத் தூக்குவதால் அது கெட்டுப்போகாது என்று இன்றைய குழந்தை மருத்துவர்கள் தயங்காமல் சொல்வதற்குப் பின்னால் அந்தக் குட்டிகளும் இருக்கின்றன. ஆகவே முதல் சில மாதங்களுக்குக் கைப்பழக்கக் கணக்கை மூட்டை கட்டி வைத்துவிடலாம்.

முதல் படி: நெஞ்சோடு சேர்ப்பது

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், 2.5 கிலோவுக்குக் குறைவான எடையோடு பிறந்த குழந்தைக்கும் அணைப்பு ஒரு மருத்துவமே ஆகும். 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒரு மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதாமல் போனபோது, எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் சேர்த்துக் கட்டிவிடச் செய்தார். கங்காரு பராமரிப்பு என்று நம் மருத்துவமனைகளில் சொல்லப்படுவது அதுதான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இப்படி நெஞ்சோடு சேர்த்தபோது, உடல்நிலை சீரான பிறகு சேர்த்ததோடு ஒப்பிட, முதல் 28 நாட்களில் நேர்ந்த இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், இயன்ற அளவு கூடுதலாகச் செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது.

செய்யும் முறை எளிது. குழந்தைக்குத் தலையில் குல்லா, காலில் உறை, இடுப்பில் டயப்பர் அல்லது துணி மட்டும் இருந்தால் போதும். தாய் முன்பக்கம் திறக்கும் சட்டையோ நைட்டியோ அணிந்து, தலையணைகளில் பாதி சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, குழந்தையை இரு மார்புகளுக்கும் நடுவே நிமிர்ந்த நிலையில், தவளை உட்கார்ந்திருப்பது போலக் கால்கள் மடங்கி விரிந்திருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் கன்னம் மார்பில் படும்படி தலையை ஒரு பக்கம் திருப்பி, மோவாய் நெஞ்சில் அமுங்கிவிடாமல் சற்றே நிமிர்த்தி வைப்பது மிக முக்கியம்; மோவாய் கவிழ்ந்தால் மூச்சுத் தடைபடும். பிறகு மெல்லிய பருத்திப் புடவை ஒன்றால் குழந்தையின் காது மட்டம் வரை சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஒரு முறை வைத்தால் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும், அடிக்கடி எடுத்து எடுத்து வைப்பது குழந்தையைக் களைப்பாக்கும். நிறைமாதக் குழந்தைக்கும் இதே முறையைக் குறைந்த நேரத்துக்குச் செய்யலாம்.

தாய்க்கு அறுவைசிகிச்சை நடந்து எழுந்திருக்க முடியாத நாட்களில் தந்தை சட்டையைக் கழற்றிவிட்டு இதே வேலையைச் செய்யலாம். "எனக்குத் தூக்கத் தெரியாது, கழுத்து நிற்கட்டும்" என்று வாசற்படியிலேயே நின்றுகொண்டிருக்கும் தந்தையர், தங்களுக்கும் பிள்ளைக்கும் முதல் மூன்று மாதங்களை வீணாக்குகிறார்கள் என்பது என் எண்ணம். ஒரே ஒரு கண்டிப்பு: அணைத்திருப்பவருக்குத் தூக்கம் சொக்கினால் குழந்தையை எடுத்துத் தட்டையான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட வேண்டும். சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் குழந்தையோடு கண்ணயர்வது ஆபத்து.

இரண்டாம் படி: எண்ணெய்க் கை

மணைப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கணுக்கால்களுக்கு நடுவே குழந்தையின் தலை அமரும்படி போட்டுக்கொண்டு பாட்டிமார் எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தப் படியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பார்த்திராதவர்கள் தரையில் விரித்த துண்டின் மேல் கிடத்தியே செய்யலாம், காலில் போட்டுக்கொள்ளும் வித்தை மெல்ல வரும். பால் குடித்து முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மின்விசிறி நிற்க வேண்டும். வளையலும் மோதிரமும் கழல வேண்டும். தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு, முதலில் குழந்தையின் மார்பில் கையைச் சும்மா வைத்து நிறுத்துங்கள். கேட்பது என்று நான் முன்பு சொன்னது இதைத்தான். குழந்தை உங்களைப் பார்த்துக் கால் உதைத்தால் தொடரலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், முதுகை வில்லாக வளைத்தாலும், விரல்களை விறைப்பாக விரித்தாலும் அன்றைக்கு வேண்டாம் என்று பொருள்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ரோமம் உள்ள தோலில், மெதுவான வருடலுக்கென்றே அமைந்த ஒருவகை நரம்பிழைகள் இருப்பதையும், விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை நகரும் கைக்கு அவை மிக நன்றாக எழுச்சி பெறுவதையும், அதற்கு மேல் வேகமானால் அடங்கிவிடுவதையும் ஸ்வீடனின் கோட்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கைக்குழந்தையின் பிடரியிலிருந்து இடுப்பு வரை நம் கையால் ஒரு சாணுக்குள்தான் இருக்கும்; அந்தத் தூரத்தைக் கடக்க நான்கைந்து விநாடி எடுத்துக்கொண்டால் சரியான வேகம். அவசரமாகத் தேய்த்து முடிக்கும் கைக்கும் இந்தக் கைக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் முன்கையிலேயே வருடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பழைய முறையில் விட்டுவிட வேண்டியவையும் சில இருக்கின்றன. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கைப் பிடித்து நீவுவது, தலையை உருட்டி வடிவு சேர்ப்பது, குளிப்பாட்டியவுடன் சாம்பிராணிப் புகையில் காட்டுவது ஆகியவை வேண்டாம். பாட்டியிடம் இதைச் சொல்லும்போது மருத்துவர் சொன்னதாகச் சொன்னால் வீட்டில் அமைதி நிலவும்.

மூன்றாம் படி: நடக்கத் தொடங்கிய பிள்ளையிடம் கேட்பது

பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையில் தெய்வத்தையோ தலைவனையோ குழந்தையாக்கிப் பாடும் பத்துப் பருவங்களில் ஐந்தாவது முத்தம், ஆறாவது வருகை. இரண்டிலும் புலவர் தாயின் இடத்தில் நின்று குழந்தையிடம் முத்தம் தருமாறும் அருகே வருமாறும் வேண்டுகிறார், தாமாகப் பிடித்து இழுத்து வாங்கிக்கொள்வதில்லை. கேட்டுப் பெறுகிற அந்த இங்கிதம் நம் வீட்டுக் கூடங்களில் ஏனோ தொலைந்துவிட்டது. விருந்தாளி வந்தால் "மாமாவுக்கு ஒரு முத்தா கொடு" என்று பிள்ளையைத் தள்ளுகிறோம். கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைப்பதைப் பாசம் என்கிறோம்.

ஒன்றரை வயது முதல் பிள்ளையை அணைக்கும் முறை இதுவாக இருக்கலாம். நீங்கள் குனிந்து தூக்காமல், தரையில் உட்கார்ந்து அல்லது குத்தவைத்துப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு வாருங்கள். இரண்டு கையையும் விரித்து நீட்டிவிட்டுக் காத்திருங்கள். பிள்ளை வந்து விழுந்தால் அணைத்துக்கொண்டு, அது தானாகத் தளரும் வரை விடாதீர்கள். முதலில் கையை எடுப்பது பிள்ளையாக இருக்கட்டும். வராவிட்டால் கையை மடக்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். தரையில் புரண்டு அழும் நேரத்தில் கட்டிப்பிடித்தால் சில பிள்ளைகள் அடங்கும், சில பிள்ளைகள் இன்னும் உதறும். உதறுகிற பிள்ளைக்கு ஒரு கை தூரத்தில் நீங்கள் பேசாமல் இருப்பதே அப்போதைக்குப் போதுமான அணைப்பு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு லேசான வருடல் கூச்சத்தையும் வேதனையையும் தரும், அதே பிள்ளைக்குப் போர்வையால் இறுக்கிச் சுற்றி அணைப்பது பிடித்திருக்கக்கூடும். அங்கேயும் பிள்ளையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உறவினர் முன்னால் பிள்ளை பின்வாங்கினால், "வணக்கம் சொல்லலாமா, கை தட்டலாமா, டாட்டா காட்டலாமா?" என்று நீங்களே வேறு வழியைக் கொடுத்துவிடுங்கள். பெரியவர் மனம் கோணும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கோணல் காப்பி வரும்வரை கூட நீடிக்காது. வேண்டாம் என்று தன் உடலைப் பற்றிச் சொல்லிப் பழகிய பிள்ளையால்தான், தகாத விதத்தில் ஒருவர் தொடும்போதும் அதைச் சொல்ல முடியும். அப்படிச் சொல்லும் நாளில் உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பிறந்த குழந்தையைப் பார்க்க வருபவர்கள் விஷயத்தில் தயவு தாட்சணியமே வேண்டாம்: கை கழுவாதவர் தொடக் கூடாது, உதட்டில் அக்கி போன்ற கொப்புளம் உள்ளவர் முத்தமிடவே கூடாது. அந்தக் கிருமி பச்சைக்குழந்தையின் உயிருக்கே உலையாகலாம்.

எட்டு, பத்து வயதில் "அம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று பிள்ளை கையைத் தட்டிவிடும் காலம் வரும். அதற்காகக் கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுப்பது, இரட்டைச் சடை பின்னுவது, ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்த்திப் பேன் பார்ப்பது, மகனின் பிடரியைக் கையால் பிடித்துவிடுவது ஆகிய எல்லாமே வேலை என்ற பெயரில் நடக்கும் அணைப்புகள்தான், யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. குரங்குகளும் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துத்தான் உறவைக் காத்துக்கொள்கின்றன என்று நான் வீட்டில் சொன்னபோது எனக்குக் கிடைத்த பார்வையை இங்கே எழுத முடியாது.

நான்காம் படி: நாய்க்கு நாயின் வழியில்

இதுவரை சொன்ன அணைப்பை அப்படியே நாயிடம் கொண்டுபோகக் கூடாது என்பதைப் புதியவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கை போடுவது மனிதருக்குப் பாசம், நாய்க்கோ தப்பிச் செல்லும் வழியை அடைப்பது. வளர்த்தவரின் அணைப்பைப் பொறுத்துக்கொள்ளவும் விரும்பவும் பழகிய நாய்கள் உண்டு. ஆனால் பொறுத்துக்கொள்வதை மகிழ்ச்சி என்று நாம் படித்துவிடுகிறோம். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஸ்டான்லி கோரன், மனிதர் நாயைக் கட்டிப்பிடித்திருக்கும் 250 படங்களை இணையத்திலிருந்து எடுத்துப் பார்த்தபோது, பத்தில் எட்டுப் படங்களில் நாயிடம் சங்கடத்தின் அடையாளம் ஒன்றாவது இருந்ததாக 2016இல் எழுதினார். முறையான ஆய்வு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் கைபேசியிலேயே அதற்குச் சான்று ஒன்று கிடக்கிறது. நான்கு வயதில் என் மகன், படுத்திருந்த எங்கள் நாட்டு நாய் மணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் படம் அது. அந்தப் படத்தைப் பெரிதாக்கினால் மணியின் கண்ணோரத்தில் வெள்ளை பிறை போலத் தெரிகிறது. வாய் இறுக மூடியிருக்கிறது. காதுகள் பின்னால் படிந்திருக்கின்றன. படம் எடுத்த மறு நிமிடம் அது உறுமி, பல்லைக் காட்டி, பிள்ளையின் கன்னத்துக்கு ஓர் அங்குலம் தள்ளிக் காற்றைக் கடித்தது. அதற்கு முன்பே இரண்டு தடவை கொட்டாவி விட்டு, மூக்கை நக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாங்கள் அதை "தூக்கக் கலக்கம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். தப்பு நாயின் மேல் இல்லை.

ஆகவே நாயை அணுகும்போது நேருக்கு நேர் போகாமல், பக்கவாட்டில் திரும்பிக் குத்தவைத்து உட்கார்ந்து, கையைத் தொங்கவிட்டு, அது வந்து மோந்து பார்க்க விடுங்கள். வந்து நின்றால், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல், மார்பிலோ தோளிலோ கழுத்தின் பக்கவாட்டிலோ மூன்று விநாடி மட்டும் தடவிவிட்டு நிறுத்துங்கள். இந்த நிறுத்தம்தான் கேள்வி. நாய் உங்கள் மேல் சாய்ந்தால், மூக்கால் கையை இடித்தால், அல்லது முன்காலால் பறண்டினால் இன்னும் வேண்டும் என்று பொருள். உடலைச் சிலுப்பிக்கொண்டு அகன்றால் போதும் என்று பொருள். உறுமினால் அதட்டவோ அடிக்கவோ கூடாது. உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது.

தெருவிலிருந்து குட்டியைக் கொண்டுவருபவர்கள் எட்டு வாரமாவது தாயோடு இருந்த குட்டியாகப் பார்த்துக் கொண்டுவர வேண்டும். பிறந்து மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை குட்டி எதையெல்லாம் நல்லபடியாகப் பார்க்கிறதோ அதையெல்லாம் பின்னாளில் பயமின்றி ஏற்கும். அதனால் அந்தச் சில வாரங்களில் காது, பாதம், வாய் ஆகியவற்றைத் தினமும் ஒரு நிமிடம் தொட்டுப் பழக்கி, தொட்டவுடன் ஒரு துண்டு அவித்த முட்டையைக் கொடுத்தால், பிற்காலத்தில் கால்நடை மருத்துவரின் வேலை பாதியாகக் குறையும். வந்த முதல் இரண்டு மூன்று நாட்கள் மட்டும், ஒரு மூலையில் சாக்கோ பழைய புடவையோ விரித்துக் கொடுத்துவிட்டு, குட்டியாக வந்தால் ஒழியத் தூக்காதீர்கள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் முறை வைத்துத் தூக்கிக் கொஞ்சுவது அதற்குத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் நிலைமைதான்.

நம்பிக்கை வந்த பிறகு, தொடாமலே கொஞ்சவும் முடியும். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தன்னை வளர்ப்பவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த நாயிடமும் அந்த வளர்ப்பவரிடமும் ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் அதிகரித்திருந்தது. தாய்க்குப் பால் சுரக்கும்போது வேலை செய்வதும் இதே இயக்குநீர்தான். எனவே மாலையில் திண்ணையில் நீங்கள் உட்கார்ந்திருக்க, நாய் காலடியில் படுத்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், கைபேசியைக் கீழே வைத்துவிட்டு அதைத் திரும்பப் பாருங்கள். பழகாத நாயை மட்டும் இப்படி உற்றுப் பார்க்கக் கூடாது, அது சண்டைக்கு அழைப்பது போல.

பிள்ளைக்கும் நாய்க்கும் நடுவில் பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், காயம்பட்ட நாய் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்பதைப் பிள்ளைக்குப் பாட்டுப் போலச் சொல்லிக்கொடுக்கலாம். முகத்தோடு முகம் வைப்பதற்குப் பதிலாக, நாயின் மார்பில் ஒரு கையால் தடவி மூன்று எண்ணி நிறுத்தும் விளையாட்டைக் கற்றுக்கொடுங்கள். எண்ணத் தெரிந்த பெருமையில் பிள்ளையே விதியைக் காப்பாற்றும்.

பூனைக்கும் மாட்டுக்கும் இரண்டு வார்த்தை

பூனைக்கு வாசனைச் சுரப்பிகள் உள்ள கன்னம், மோவாயின் அடி, காதுக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள இடம் ஆகியவற்றில் தடவினால் பிடிக்கும். வயிற்றைக் காட்டிப் படுப்பது பெரும்பாலும் நம்பிக்கையின் அடையாளமே தவிர வயிற்றைத் தொட விடுத்த அழைப்பு அன்று. வால் சாட்டை போல ஆடத் தொடங்கினால் கையை எடுத்துவிடுங்கள். தூக்கும்போது பின்னங்கால்களைக் கையால் தாங்காமல் அக்குளில் பிடித்துத் தொங்கவிட்டால் நகம் பேசும். மாட்டுக்குக் கழுத்தின் கீழே தொங்கும் அலைதாடியைத் தடவுவதைப் போல வேறெதுவும் பிடிக்காது. நன்றாகத் தடவினால் கழுத்தை நீட்டிக் கண்ணைச் சொருகிக்கொண்டு நிற்கும். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்துக் கொஞ்ச நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளை வளர்ப்பது குற்றம்.

கடைசிப் படி: பல் பட்டுவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் பல்லோ நகமோ படக்கூடிய நாள் வரும். வீட்டு நாய்தானே, குட்டிதானே, லேசான கீறல்தானே என்ற மூன்று சமாதானங்களையும் ஒதுக்கிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடம் முழுமையாகக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது, கட்டும் போடக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் ரேபிஸ் தடுப்பூசியை இலவசமாகப் போடுவார்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளைப் பூஜ்யமாகக் கணக்கிட்டு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி வரும். ரத்தம் கசிந்த காயமானால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டியிருக்கும். ரேபிஸ் அறிகுறிகள் தொடங்கிய பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிக அரிது என்பதால், இரண்டு ஊசியோடு நிறுத்திக்கொள்வது உயிரோடு விளையாடுவது. நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் தடுப்பூசியும், பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் மறு ஊசியும் போட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மணியின் தடுப்பூசி அட்டை, பிள்ளையின் தடுப்பூசி அட்டை இருக்கும் அதே பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கிறது. இரண்டிலும் அடுத்த தேதியைச் சிவப்பு மையில் எழுதி, உறையை நாட்காட்டி ஆணியிலேயே மாட்டிவைத்திருக்கிறோம்.